சக்கையை வைத்துக்கொள்வதா, வடித்துவிடுவதா? வீட்டில் பச்சைப் பானம் செய்ய எந்த வழி நல்லது

வீட்டிலேயே பச்சைப் பானம் செய்து குடிக்கலாம் என்று நினைப்பவர்களில் பலரும் முதலில் தேடுவது கருவியைத்தான். ஜூஸரா, பிளெண்டரா, எத்தனை வாட்ஸ், எந்த பிளேடு என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: சக்கையை என்ன செய்யப் போகிறீர்கள்? பிழிந்து வடித்துவிட்டால் அது ஜூஸ். சக்கையோடு சேர்த்துக் குடித்தால் ஸ்மூத்தி. அரைக்கவே அரைக்காமல் கடித்துத் தின்றால் பழமும் சாலடும். எடுத்த பொருள் ஒன்றாக இருந்தாலும் வயிற்றுக்குள் போனபின் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழத்தைக் கடித்துத் தின்பதற்கு நிகர் எதுவும் இல்லை. பச்சைக் கீரையை அப்படி மென்று தின்ன முடியாதவர்களுக்கு ஸ்மூத்தி நல்ல வழி. ஜூஸுக்கென்று தனியாக ஒரு கருவி வாங்க வேண்டியதில்லை.

ஜூஸ், ஸ்மூத்தி, முழுப் பழம்

ஆரஞ்சை எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள ஒரு பழத்தில் சுமார் 60 கலோரி, 12 கிராம் சர்க்கரை, 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அதையே பிழிந்து 240 மில்லி டம்ளரை நிரப்பினால் சுமார் 110 கலோரி, 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, நார்ச்சத்து அரை கிராம். அந்த டம்ளரை நிரப்ப மூன்று பழமாவது வேண்டும். மூன்று ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகத் தின்று முடிக்க நேரம் பிடிக்கும். இரண்டாவது பழத்திலேயே போதும் என்று தோன்றும். ஜூஸாகக் குடிக்கும்போது அந்தப் ‘போதும்’ வருவதற்குள் டம்ளர் காலியாகிவிடுகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1977-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு ஆய்வில், பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், ஜூஸாகவும் கொடுத்தார்கள். முழுப் பழத்தைவிட 11 மடங்கு வேகத்திலும், மசியலைவிட 4 மடங்கு வேகத்திலும் ஜூஸ் உள்ளே போனது. மூன்றிலும் ரத்தச் சர்க்கரை ஏறிய உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு தெரிந்தது. ஜூஸ் குடித்தவர்களுக்கு ஏறிய சர்க்கரை சட்டென்று சரிந்தது. மசியலில் அந்தச் சரிவு குறைவு, முழுப் பழத்தில் அது இல்லவே இல்லை. வயிறு நிறைந்த உணர்வும் அதே வரிசைதான்: பழம், மசியல், ஜூஸ். ஜூஸ் குடித்துக் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி எதையாவது கொறிக்கத் தோன்றுவது ஏன் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

2009-ல் வந்த இன்னோர் ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் ஆப்பிள் துண்டுகளைத் தின்றவர்கள் அந்த வேளையில் 15 சதவீதம் குறைவான கலோரியே எடுத்துக்கொண்டார்கள். ஜூஸுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஜூஸில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தும் கிடைக்கவில்லை. சக்கையை எடுத்துவிட்டுப் பிறகு நார்ப்பொடி போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அரைக்கும்போது நார்ச்சத்து அழிந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். அழியாது. நார் நறுங்கிச் சிறிதாகும், அவ்வளவுதான். அத்தனையும் டம்ளரிலேயே இருக்கும். விதையுள்ள பெர்ரிப் பழங்களை அரைத்துக் கொடுத்துப் பார்த்த சில சிறு ஆய்வுகளில், முழுதாகத் தின்றதைவிட ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறவில்லை. ஸ்மூத்தியில் நாம் இழப்பது மெல்லும் வேலையையும் அது தரும் நிதானத்தையும். அது சின்ன இழப்பு இல்லை என்பதை மேலே சொன்ன ஆப்பிள் மசியல் காட்டுகிறது. அதனால் ஸ்மூத்தியைத் தண்ணீர் மாதிரி மடமடவென்று குடிக்காமல், கெட்டியாக அரைத்து, கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடுவது நல்லது.

சர்க்கரைக் கணக்கில் ஜூஸின் நிலை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் தேனையும் நாம் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியல் மொத்தமும் நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம். ஒரு பெரிய டம்ளர் ஜூஸ் கிட்டத்தட்ட அதைத் தின்றுவிடும். முழுப் பழத்தின் சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை.

பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பான என்ஹெச்எஸ், ஜூஸும் ஸ்மூத்தியும் சேர்த்தே நாளுக்கு 150 மில்லி போதும் என்கிறது. ஸ்மூத்தி என்றாலே அளவில்லாமல் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். இந்த அறிவுரையை நான் பழத்துக்கான கடிவாளமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு டம்ளரில் ஒரு பழத்தின் அளவுக்கு மேல் போடுவதில்லை. மீதி இடம் கீரைக்கும், தயிருக்கும், கொட்டை வகைகளுக்கும்.

2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பெரிய ஆய்வொன்று, அமெரிக்காவில் 1,87,000 பேரின் உணவுப் பழக்கத்தை நீண்ட காலம் தொடர்ந்தது. வாரத்தில் மூன்று முறை குடிக்கும் ஜூஸுக்குப் பதிலாக முழுப் பழம் சாப்பிடுவது, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பில் 7 சதவீதக் குறைவோடு சேர்ந்து வந்தது. இது பழக்கங்களைக் கவனித்து எழுதிய கணக்கு. காரணத்தை நிரூபித்த சோதனை இல்லை. ஆனாலும் மற்ற ஆய்வுகள் காட்டும் திசையையே இதுவும் காட்டுகிறது.

ஜூஸுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நார்ச்சத்தைக் கொஞ்ச நாள் தவிர்க்கச் சொல்லி மருத்துவர் சொன்னவர்களுக்கு அது உதவும். அவர்களுக்குக் கூட, மெல்லிய துணியில் வடிகட்டினால் ஜூஸ் கிடைத்துவிடும்.

எந்தக் கீரை

பானத்தைப் பச்சையாக்குவது கீரைதான். நல்லதும் கெட்டதும் அதிகம் ஒளிந்திருக்கும் இடமும் அதுவே. பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான் தேர்வு நடக்கிறது: பாலக்கீரை, முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த கேல்.

சுவையில் பாலக்குக்குத்தான் ஓட்டு. இலை மெல்லியது, சீக்கிரம் அரைபடும், பழத்தின் சுவைக்குக் கீழே அடங்கிப் போய்விடும். கேல் இலை முரடு. நடு நரம்பை உருவி எடுக்காவிட்டால் நார் நாராக நாக்கில் தட்டும், கொஞ்சம் கசக்கும். முதல் தடவை கேலில் ஆரம்பித்தவர்களுக்குப் பச்சைப் பானமே பிடிக்காமல் போய்விடலாம்.

ஆனால் பச்சைப் பாலக்கில் ஆக்சலேட் மிக அதிகம். கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் இயற்கைப் பொருள் அது. 100 கிராமில் பல நூறு மில்லிகிராம். சில வகைகளில் ஒரு கிராமை நெருங்கும். கேலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிறுநீரகக் கற்களில் மிகப் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். கல் வந்தவர்கள் நாளுக்கு 100 மில்லிகிராம் ஆக்சலேட்டுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரே ஒரு கைப்பிடி பச்சைப் பாலக் அதைத் தாண்டிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018-ல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியின் கதை பதிவானது. 65 வயதுப் பெண் ஒருவர், உடலைச் ‘சுத்தம்’ செய்வதற்காக ஆக்சலேட் நிறைந்த கீரை, பழ ஸ்மூத்திகளைத் தொடர்ந்து குடித்தார். அவருக்கு முன்பே இரைப்பை மாற்றுவழி அறுவை நடந்திருந்தது; அண்மையில் நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கும் எடுத்திருந்தார். இரண்டுமே ஆக்சலேட் உடலில் அதிகம் சேர வழி செய்பவை. செயலிழந்த அவரது சிறுநீரகங்கள் மீளவே இல்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு கைப்பிடி பாலக்கால் இப்படி ஆகிவிடாது. ஆனால் ‘டீடாக்ஸ்’ என்ற பெயரில் நாள் முழுவதும் பச்சைப் பானத்தை மட்டுமே குடிக்கச் சொல்லும் திட்டங்களை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். உடலின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அந்தச் சிறுநீரகத்தின் மேலேயே சுமையை ஏற்றுவது எந்த விதத்திலும் சுத்தம் ஆகாது.

கால்சியத்துக்காகக் கீரை குடிக்கிறேன் என்பவர்களும் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பாலக்கில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அளந்து பார்த்தபோது அதில் சுமார் 5 சதவீதம்தான் உடலில் சேர்ந்தது. பாலில் 27 சதவீதம் சேர்ந்தது. கேலின் கால்சியமோ 40 சதவீதம் வரை சேர்கிறது. எலும்புக்காகக் குடிப்பவர்கள் யோசிக்காமல் கேலுக்குப் போகலாம்.

பாலக்கை விட மனமில்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. கொதிநீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுப் பிழிந்து எடுத்தால் கரையும் ஆக்சலேட்டில் 30 முதல் 87 சதவீதம் வரை போய்விடும். கூடவே வைட்டமின் சி, ஃபோலேட்டிலும் ஒரு பகுதி போகும். இன்னொன்று, பாலக் போடும் நாளில் தயிரோ பாலோ சேர்த்து அரைப்பது. அதன் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். நான் பரிந்துரைப்பது கீரையை மாற்றி மாற்றிப் போடுவதை. ஒரு நாள் பாலக், அடுத்த நாள் லெட்டூஸ், அதற்கடுத்த நாள் கேல். புதினா, கொத்தமல்லியை மணத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் போதும். பீட்ரூட் இலை, ஸ்விஸ் சார்ட் இரண்டும் ஆக்சலேட்டில் பாலக்கின் பக்கத்தில் நிற்பவை என்பதால், மாற்றுக்கு அவை உதவாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் கீரையின் வைட்டமின் கே ஒரு முக்கியமான விஷயம். 100 கிராம் பாலக்கில் 480 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. அவர்கள் கீரையை அடியோடு விட வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று ஏறி இறங்குவதுதான் மருந்தின் அளவைக் குலைக்கும். ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கும். வாழைப்பழமும் கீரையும் சேர்ந்த டம்ளர் அவர்களுக்கு உரியதே அல்ல.

எதில் அரைப்பது: தண்ணீர், பால், தயிர்

பழச்சாற்றை ஊற்றி அரைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அது வேண்டாம், முன் வாசலில் தள்ளிவிட்ட ஜூஸ் பின் வாசல் வழியாக வந்துவிடும்.

தண்ணீரில் அரைத்தால் லேசாக இருக்கும், சீக்கிரம் பசிக்கும். காலை உணவுக்குப் பதிலாகக் குடிப்பதென்றால் புரதம் வேண்டும். 100 கிராம் சாதாரணத் தயிரில் சுமார் 3.5 கிராம் புரதம். நீர் வடித்த கெட்டித் தயிரில் 9, 10 கிராம் வரை கிடைக்கும். தாவரப் பால்களில் சோயா பால் மட்டும்தான் பசும்பாலோடு போட்டி போடும். பாதாம் பாலில் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் புரதம் தேறினால் பெரிது.

கொஞ்சம் கொழுப்பும் அவசியம். கீரையில் உள்ள லூட்டின், பீட்டா கரோட்டின் போன்ற நிறமிச் சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். ஸ்வீடனில் லின்ஷாப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலக்கைப் பல விதமாகச் சமைத்துப் பார்த்தார்கள். லூட்டினைக் காப்பாற்ற நல்ல வழி, சூடாக்காமல் நறுக்கி, கொழுப்புள்ள பாலோ தயிரோ சேர்த்து அரைப்பதுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். பால் பிடிக்காதவர்கள் நாலைந்து பாதாமோ, ஒரு கரண்டி எள்ளோ, கால் அவகாடோவோ போடலாம்.

பாலோ தயிரோ ஊற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வேகவைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. அரைத்த உடனே குடித்தால் ஒன்றும் தெரியாது. அரைமணி நேரம் வைத்துவிட்டு வாயில் வையுங்கள். பின்நாக்கில் ஒரு கசப்பு ஏறும், பால் லேசாகத் திரிந்ததுபோல் இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை; பால் புரதம் உடைந்து சுவை மாறியிருக்கிறது. இந்தப் பழங்களைத் தண்ணீரில் அரையுங்கள், அல்லது அந்தக் கணமே குடித்துவிடுங்கள்.

வாழைப்பழமா, பெர்ரியா

ஸ்மூத்தி என்றாலே வாழைப்பழம் என்றாகிவிட்டது. கெட்டித்தன்மைக்கும் இனிப்புக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 2023-ல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட குழு ஒன்று ஒரு விஷயத்தைக் கண்டது. பெர்ரி, திராட்சை, ஆப்பிள், கோகோ போன்றவற்றில் இதயத்துக்கு நல்லதாகக் கருதப்படும் ஃபிளவனால்கள் இருக்கின்றன. வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில், ஃபிளவனாலை மாத்திரையாகத் தனியே எடுத்தபோது சேர்ந்ததைவிட 84 சதவீதம் குறைவாகவே அது சேர்ந்தது. நறுக்கி வைத்த வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதிதான் காரணம்.

இதற்காக வாழைப்பழத்தைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. பெர்ரியின் பலனுக்காகக் குடிக்கும் நாளில் அதோடு சேர்க்காதீர்கள். மாம்பழமோ தயிரோ கெட்டித்தன்மை கொடுத்துவிடும். வாழைப்பழத்தைக் கீரை, தயிர், வேர்க்கடலையோடு தனியாக ஒரு நாள் போட்டுக்கொள்ளலாம். நிறத்துக்கும் இது வசதி: சிவந்த பெர்ரியும் பச்சைக் கீரையும் சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும், குழந்தைகள் தொடமாட்டார்கள்.

உறையவைத்த பழமா, புதியதா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. உறைந்த பழம் ஐஸின் வேலையையும் சேர்த்துச் செய்யும் என்பதால் நான் அதற்கே சாய்வேன். தேன், சர்க்கரை இரண்டும் தேவையில்லை. பழம் நன்றாகப் பழுத்திருந்தால் போதும்.

இப்போது கருவி

சக்கை உள்ளே என்று முடிவாகிவிட்டதால் ஜூஸர்கள் வரிசையிலிருந்து விலகிவிடுகின்றன. வேகமாகச் சுழலும் ஜூஸர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும். ‘கோல்ட் பிரஸ்’ ஜூஸர் 40 முதல் 100 சுற்றில் மெதுவாக நசுக்கும். இலையிலிருந்து சாறு எடுப்பதில் இரண்டாவது கெட்டிக்காரன், அது உண்மை. ‘உயிருள்ள நொதிகள் காப்பாற்றப்படும்’ என்பதற்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள். அந்த நொதிகளில் பெரும்பாலானவற்றை உங்கள் வயிற்று அமிலம் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். இரண்டு கருவிகளுமே நாம் காக்க நினைக்கும் நாரைக் குப்பைக்கு அனுப்புகின்றன. சல்லடையைத் தேய்த்துக் கழுவும் வேலை தனி.

மிச்சம் இருப்பது மிக்ஸி, பெரிய ஜார் பிளெண்டர், ஒரு ஆளுக்கான சிறிய கப் பிளெண்டர், கையில் பிடித்து அரைக்கும் பிளெண்டர். கையில் பிடிப்பது மென்மையான பழத்துக்குப் பரவாயில்லை, கீரைக்கு ஆகாது. ஒருவருக்கு மட்டும் என்றால் கப் பிளெண்டர் வசதி: அரைத்த கப்பிலேயே குடித்துவிடலாம். அதில் சூடான எதையும் ஊற்றி மூடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறித்துச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாலு பேருக்கு என்றால் பெரிய ஜார். வீட்டில் மிக்ஸி இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமல் அதிலேயே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அளவு குறைவாக இருக்கும்போது சிறிய ஜாரில் போடுங்கள். பெரிய ஜாரில் இலை சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடுக்கு எட்டாமல் நிற்கும்.

கருவியைவிட வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைத்தால் விலை உயர்ந்த பிளெண்டரிலும் இலைத்துணுக்கு நிற்கும். முதலில் கீரையும் தண்ணீரோ தயிரோ மட்டும். முக்கால் நிமிடம் ஓடவிட்டு, ஜாரைச் சாய்த்துக் கண்ணாடிச் சுவரைப் பாருங்கள். பச்சைப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று. புள்ளி மறைந்து ஒரே நிறமாக வழிந்தால்தான் பழம் போட வேண்டும். உறைந்த பழமும் ஐஸும் கடைசியில், விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பானம் சூடேறும், மேலே நுரை கட்டும்.

அரைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பச்சையாகக் குடிப்பதால் கிருமியைக் கொல்ல அடுப்பு இல்லை. கீரையை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். ஆப்பிளின் விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள். முழுதாக விழுங்கிய விதை அப்படியே வெளியேறிவிடும், அரைபட்ட விதையோ சிறிதளவு சயனைடை வெளிவிடும். வெள்ளரி, சுரை இனக் காய் எதுவானாலும் ஒரு சிறு துண்டை முதலில் கடித்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் விஷத்தன்மை உள்ளது, வேகவைத்தாலும் போகாது. பழத்தோடு சேர்த்து அரைத்தால் கசப்பு மறைந்துவிடும் என்பதால்தான் அரைப்பதற்கு முன்பே ருசி பார்க்கச் சொல்கிறேன்.

கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்து எடுப்பவர்களும், சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கிரேப்ஃபுரூட் என்ற ஆரஞ்சு இனப் பழத்தைத் தவிர்க்க வேண்டும்; அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். குழந்தைகள் விஷயத்தில், ஒரு வயதுக்குள் ஜூஸே கூடாது என்றும், ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-ல் சொன்னது. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. பழத்தின் புளிப்பு பல் எனாமலை இளக்கும் என்பதால் காலையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்காமல் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். பல் துலக்குவதானால் அரைமணி நேரமாவது கழித்து.

பானம் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக வருகிறதா, ஒரு வேளைக்குப் பதிலாக வருகிறதா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். வழக்கமான காலை உணவை முடித்துவிட்டு அதற்கு மேல் 300 கலோரி ஸ்மூத்தியும் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு இதுதான்: கீரை ஒரு கைப்பிடி, கெட்டித் தயிர் அரை டம்ளர், தண்ணீர் அரை டம்ளர், ஒரு சிறிய பழம், நாலைந்து பாதாம், ஒரு துண்டு இஞ்சி, கடைசியாக அரை மூடி எலுமிச்சை. நாக்கு பழகப் பழகக் கீரையைக் கூட்டுங்கள், பழத்தைக் குறையுங்கள். மீந்ததைக் கழுத்துவரை நிரப்பி மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். வைட்டமின் சி கொஞ்சம் குறைந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், குலுக்கிக் குடிக்கலாம். ஜாரை மட்டும் அப்போதே வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டு அரை நிமிடம் ஓட்டி, பிளேடின் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேய்த்துவிடுங்கள். வாடை வர ஆரம்பிப்பது எப்போதும் அந்த வளையத்திலிருந்துதான்.